கேட்பவருக்கு ஒரு ரூபாய்

மலைக்கும் கடலுக்கும் நடுவே, எந்தச் சக்கரவர்த்தியின் வரைபடத்திலும் ஒரு கட்டெறும்பு உட்காரும் அளவுக்கு மேல் இடம் கிடைக்காத செங்கணாபுரம் சமஸ்தானத்தில், ஒரு ராஜாவும், அந்த ராஜாவுக்கு ஒரு மோட்டார் காரும், அந்தக் காரை வாங்கியதால் காலியாகிப்போன ஒரு கஜானாவும் இருந்த காலத்தில் நடந்தது இது. கார் என்னவோ அழகான கார்தான். ஆனால் அது ஓடுவதற்கு ஊரில் ரோடு கிடையாது என்பதால் அரண்மனை முற்றத்திலேயே நின்றது. ராஜா தினமும் சாயங்காலம் அதில் ஏறி உட்கார்ந்து, நாலு தடவை ஹாரன் அடித்துவிட்டு, ஊர் சுற்றி வந்த களைப்போடு இறங்குவார்.

கஜானாவிலிருந்த வெள்ளி ரூபாயெல்லாம் மூன்று மாட்டுவண்டிகளில் துறைமுகத்துக்குப் போய்விட்டதால், அடுத்த மாதச் சம்பளத்துக்கு என்ன செய்வது என்று ராஜா கேட்டபோது, திவான் ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு தர்பாருக்கு வந்தார். சீன தேசத்துச் சக்கரவர்த்தி ஒருவர் மரப்பட்டையைக் கூழாக்கிக் காகிதம் செய்து அதில் முத்திரை குத்தி இதுதான் பணம் என்றாராம், வாங்க மாட்டேன் என்றவன் தலையை வாங்கினாராம், அதனால் எல்லோரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்களாம். பிரெஞ்சு தேசத்தில் பாதிரிமாரின் நிலங்களை ஈடு காட்டி நோட்டு அடித்தார்களாம், அடித்தார்களாம், அடித்துக்கொண்டே இருந்தார்களாம்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்றார் ராஜா.

"அந்தப் பக்கத்தைக் கரையான் அரித்துவிட்டது மகாராஜா" என்றார் திவான்.

ராஜாவுக்கு அது போதுமானதாக இருந்தது. பத்தாயிரம் ஒரு ரூபாய் நோட்டு அடிக்க உத்தரவாயிற்று. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் கஜானா சூப்பிரண்டு பிரம்மநாயகம். நாற்பத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, இருபத்திரண்டு வருஷத்தில் காலணாகூடத் தப்பாகப் போகாத கை. நோட்டில் போடவேண்டிய வாசகத்தை எழுதியவரும் அவரேதான்: 'இதைக் கொண்டுவந்து கேட்பவருக்கு ஒரு ரூபாய் தருவேன் என்று நான் வாக்களிக்கிறேன்.' சமஸ்தானம் வாக்களிக்கிறது என்று போட்டால் போதாதா என்று திவான் கேட்டதற்கு, சமஸ்தானத்துக்கு வாய் இல்லையே, வாய் இல்லாதது எப்படி வாக்குக் கொடுக்கும் என்றார் பிரம்மநாயகம். "யார் படிக்கப் போகிறார்கள், எதையாவது போடும்" என்று திவான் எழுந்து போய்விட்டார். பிரம்மநாயகம் மயில்தோகை மாதிரி வால் வைத்த தன் கையெழுத்தை, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரியும்படி போட்டுக்கொடுத்தார். அச்சுக் கட்டையில் அது ஏறியது.

ஆறு மாதம் ஒன்றும் ஆகவில்லை. நோட்டு வெளியே வந்த அன்றே ஊரிலிருந்த மிச்ச வெள்ளி ரூபாயெல்லாம் அடுக்குப் பானைக்கும் பரணுக்கும் போய் ஒளிந்துகொண்டது என்பதைத் தவிர. எதைக் கொடுத்தால் மனசு வலிக்காதோ அதைத்தானே கொடுப்பார்கள். எல்லோரும் நோட்டைக் கொடுத்தார்கள், நோட்டை வாங்கினார்கள், சம்பளம், மொய், தட்சணை எல்லாம் காகிதம்.

மாட்டிக்கொண்டவள் மரியபுஷ்பம். கடற்கரையிலிருந்து மூன்று மைல் நடந்துவந்து சந்தையில் மீன் விற்கிறவள். டவுன்காரர்கள் அவளுக்கு நோட்டைக் கொடுத்தார்கள். கரையில் வள்ளக்காரர்களோ, ஈரக் கையில் கரைகிற பணம் எங்களுக்கு வேண்டாம், வெள்ளி கொண்டுவா என்றார்கள். முந்தானை நிறைய நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மீன் எடுக்க முடியாமல் நின்ற மரியபுஷ்பம், கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள் என்பதால், ஒரு நோட்டை விரித்துப் படித்துப் பார்த்தாள். படித்து முடித்ததும், கடனுக்கு எடுத்த ஒரு கூடைச் சாளை மீனோடு நேராகக் கஜானாவுக்குப் போனாள்.

"பிரம்மநாயகம்ங்கிறது யாரு?"

"நான்தான். என்ன வேணும்?"

"நீங்கதானா? அப்ப எனக்கு நீங்க ஒரு ரூபாய் தரணும். இந்தா, நீங்களே எழுதியிருக்கீங்க" என்று அவள் நோட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்.

அதெல்லாம் ஒரு சம்பிரதாயம் அம்மா என்று சொல்லத்தான் பிரம்மநாயகம் வாயைத் திறந்தார். ஆனால் அவர் உடம்பு நாற்காலியிலிருந்து எழுந்தது, கைகள் கூப்பிக்கொண்டன, "என்னத்தைத் தரட்டும்?" என்று வாய் கேட்டது.

"வெள்ளியாத் தாங்க."

கால் தானாக நடந்துபோய் இரும்புப் பெட்டியைத் திறந்தது. உள்ளே ஒரு செத்த பல்லி இருந்தது.

"வெள்ளி இல்லையே."

மரியபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். பல்லியைப் பார்த்தாள், சூப்பிரண்டைப் பார்த்தாள். "சரி, அப்ப கூடையத் தூக்குங்க. ஒரு நாள் கூலி ஒரு ரூபாய். வேலை செஞ்சு கழிச்சிருங்க."

பிரம்மநாயகம் தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றினார். மீன் தண்ணி காதோரம் வழிந்து கோட்டுக்குள் இறங்க, கடைத்தெரு முழுக்க அவளுக்குப் பின்னால் நடந்துபோய், பொழுது சாய்கிறவரை சாளை சாளை என்று கூவி விற்றார். கடைசி மீன் விற்ற நிமிஷத்தில் அவள் மடியிலிருந்த அந்த நோட்டு எழுத்தெல்லாம் போய், படமெல்லாம் போய், வெள்ளாவியில் வைத்த துணி மாதிரி வெளுத்துவிட்டது. மரியபுஷ்பம் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கணக்குத் தீர்ந்தது என்று அதில் கொஞ்சம் கருவாட்டைப் பொதிந்து அவரிடமே கொடுத்தனுப்பினாள்.

அவர் மனைவி உலகம்மாள் வாசலிலேயே நிறுத்திவைத்து மூன்று குடம் தண்ணீர் ஊற்றினாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "எத்தனை நோட்டில கையெழுத்துப் போட்டீங்க?" என்றாள்.

"பத்தாயிரம்."

உலகம்மாள் விரல்விட்டு எண்ணினாள். இருபத்தேழு வருஷம் நாலரை மாதம் வந்தது. நாலாவது குடத்தை அவர் தலையில் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் வரிசை நின்றது.

செங்கணாபுரத்துக்காரர்கள் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தார்கள், எழுதிக் கொடுத்தவன் செய்கிறான், அவ்வளவுதானே. அவர்களுக்கு இருந்த சந்தேகமெல்லாம் முறை சம்பந்தப்பட்டது. மத்தியானச் சோறு யார் போடுவது, மழை பெய்து பாதியில் வேலை நின்றால் நோட்டு பாதி வெளுக்குமா, ஒரே நாளில் இரண்டு பேர் கேட்டால் யார் முந்தி என்றெல்லாம் சந்தைக் கமிட்டி உட்கார்ந்து மூன்று நாள் பேசி, நோட்டுக்காரர்தான் சோறு போட வேண்டும், அப்பளம் கட்டாயமில்லை என்று தீர்மானம் எழுதியது. நோட்டை வைத்திருப்பவர் தன் வாயாலேயே படித்தால்தான் பலிக்கும், வேறொருவர் படித்தால் பிரம்மநாயகம் கொட்டாவி விடுகிறார் என்பது தெரிந்ததும், அதுவரை கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த ஊர் முழுவதும் அந்த ஒரே வாக்கியத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டது. அதிலிருந்து எழுத்துக்களைப் பிடித்தது, எழுத்துக்களிலிருந்து கடைப் பலகைகளைப் பிடித்தது. கன்னியாஸ்திரிகள் பதினெட்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காத காரியம் ஒரே கோடையில் நடந்தது.

பிரம்மநாயகம் கிணறு தூர்வாரினார், நெல் குத்தினார், கோயில் யானைக்கு முதுகு தேய்த்தார். இரண்டு பெண்டாட்டிக்காரன் ஒருவனின் வீட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றார். மில் முதலாளியின் தம்பி நாள் முழுக்க ராகம் பாட, எதிரே உட்கார்ந்து தலையாட்டினார். கிணறு வேலையே தேவலை என்று அன்றைக்கு வீட்டில் வந்து சொன்னார். முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு, இதை உலகம்மாளிடம்கூட அவர் சொல்லவில்லை, கொஞ்சம் பிடித்தும் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு பேனாவைத் தவிர எதையும் தூக்காத கை கயிறு திரித்தது, வலை பின்னியது, சாளையைச் செதிள் போகச் சுரண்டியது. படுத்தவுடன் தூக்கம் வந்தது.

கெட்டது நோட்டுக்கு வந்த பெயரால். பக்கத்துச் சமஸ்தானத்து வியாபாரிகள், வெள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அது கூப்பிட்டால் வருமா, இந்த நோட்டுக்குப் பின்னால் ஒரு ஆளே நிற்கிறான் என்று செங்கணாபுரம் நோட்டைத் தேடி வாங்கினார்கள். திவானுக்குத் தலைகால் புரியவில்லை. அச்சுக் கட்டை தேயத் தேய இன்னும் இருபதாயிரம் அடித்தார், பிறகு ஐம்பதாயிரம் அடித்தார், பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு அடித்தார். ராஜா ரோடு இல்லாத ஊருக்கு இரண்டாவது காரும் வாங்கினார்.

நோட்டு கூடக் கூட, ஒரு நோட்டுக்கு உண்டான பிரம்மநாயகம் குறைந்துகொண்டே வந்தார். ஒரு நாள் வேலை அரை நாளாயிற்று, அரை நாள் ஒரு நாழிகையாயிற்று, ஆவணி மாதத்தில் ஒரு நோட்டைப் படித்தால் ஒரு குடம் தண்ணீர் தூக்கித் தந்தார், ஐப்பசியில் குடத்தைத் தொட்டுவிட்டுப் போனார், கார்த்திகையில் வெறுமே குடத்தைப் பார்த்து ஒரு தலையசைப்பு. ஆனால் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், ஒரு பகலில் நானூறு பேர், ஐந்நூறு பேர். பாதி இட்லியை வாயில் வைத்தபடி ஓடினார். சட்டைக்குள் உடம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. வெயிலில் நின்றால் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் படிக்க முடிந்தது.

"எங்க இருக்கீங்க?" என்று உலகம்மாள் ஒருநாள் கூடத்தில் நின்று கேட்டாள். அவர் அவளுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

இதற்குள் கடைக்காரர்கள் நோட்டை வாங்க மறுத்தார்கள். ஒரு படி அரிசிக்கு ஒரு சாக்கு நோட்டு, சாக்குக்கு விலை தனி. திவான் தண்டோரா போட்டார்: இந்த நோட்டு ரூபாய்தான், ரூபாய் இல்லை என்று சொல்லும் எவருக்கும் ஆறு மாதம் சிறை. சீனத்துச் சக்கரவர்த்தியைவிடத் தாம் இரக்கமுள்ளவர் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

மரியபுஷ்பம் மறுபடி வந்தது அப்போதுதான். மீன் கூடை நிறைய நோட்டோடு வந்தவள், உலகம்மாளைப் பார்த்து, "அக்கா, நான்தான் இதைத் தொடங்கி வச்சது. என்னைத் திட்டணும்னா திட்டிருங்க" என்றாள்.

"உன்னைத் திட்டி என்ன பண்ண. எழுதினவரு இவரு."

"இதை வச்சு எனக்கு ஒரு தலையசைப்புகூட வராது. இவருகிட்டயே கொடுத்திரலாம்னு வந்தேன். கொண்டுவந்து கேக்கிறவருக்குன்னுதானே போட்டிருக்கு? இவரே கொண்டுவந்து இவருகிட்டயே கேக்கட்டுமே."

பிரம்மநாயகம் ஒரு நோட்டை எடுத்துத் தன் கையெழுத்தைத் தானே பார்த்துக்கொண்டு, இதைக் கொண்டுவந்து கேட்பவருக்கு என்று படித்தார். என்னத்தைத் தரட்டும் என்று அவர் வாய் கேட்டது. "கொஞ்சம் தூக்கம்" என்று அவர் வாயே பதில் சொன்னது. அங்கேயே சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். நோட்டு வெளுத்தது. மரியபுஷ்பமும் உலகம்மாளும் மாற்றி மாற்றி அவர் கையில் நோட்டைச் செருகினார்கள். தூக்கத்திலேயே உதடு அசைந்து படித்தது. கூடை தீரும்போது ஒரு பகல் தூங்கியிருந்தார், சுவரில் அவருக்கு ஒரு நிழல் விழுந்திருந்தது.

செய்தி பரவியதும் ஊர் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து கொட்டியது. ஒன்றுக்கும் உதவாத பொருளைத் தானம் செய்வதில் செங்கணாபுரத்துக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. பதினொரு நாள் பிரம்மநாயகம் தூங்கினார், விழித்தார், சாப்பிட்டார், தூங்கினார். கன்னத்தில் சதை வைத்தது. பன்னிரண்டாம் நாள் யாரும் வரவில்லை. நோட்டு குறைந்துபோனதால் மிச்சமிருந்த நோட்டுக்குப் பலம் ஏறியிருந்தது. மில் முதலாளி ஒரே ஒரு நோட்டைப் படித்து அவரை ஐந்து நாள் மாவு மூட்டை தூக்கக் கூட்டிப்போனார் என்று தெரிந்ததும், கொட்டிய கைகளெல்லாம் மடியைக் கட்டிக்கொண்டன.

திவானும் கேள்விப்பட்டார். மறுநாளே தண்டோரா: பத்து நாளைக்குள் எல்லோரும் கையிலுள்ள நோட்டைக் கஜானாவில் கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்குமேல் வைத்திருந்தால் செல்லாது. ஜனங்களும் பக்கத்துச் சமஸ்தானத்து வியாபாரிகளும் வெயிலில் வரிசையில் நின்றார்கள், மயங்கி விழுந்தார்கள், விழுந்த இடத்தை அடுத்தவர் பிடித்துக்கொண்டார். பத்தாம் நாள் சமஸ்தானத்தின் நோட்டு மொத்தமும், இரண்டாயிரத்துச் சொச்சம், கஜானா மேஜைமேல் ஒரே அடுக்காக இருந்தது. பிரம்மநாயகம் மொத்தமும் அந்த மேஜைமேல் இருந்தார் என்றும் சொல்லலாம்.

பதினோராம் நாள் காலை திவான் அவரை வரச்சொன்னார். உலகம்மாளும் கூட வந்தாள். ஊரில் பாதி வாசலில் நின்றது, மரியபுஷ்பம் கூடையோடு முன்னால் நின்றாள். ராஜாவின் இரண்டு கார்களுக்கும் மலைக்கல்லில் ஒரு மண்டபம், அதிலிருந்து கடல்வரை ஒரு ரோடு, எல்லாம் ஒரே ஆள் என்று திவான் திட்டம் போட்டுப் படமும் வரைந்து வைத்திருந்தார். அதை முடிக்கும்போது சூப்பிரண்டின் எலும்பாவது மிஞ்சுமா என்று அவர் யோசிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நோட்டை எடுத்துப் படித்தார்.

பிரம்மநாயகத்தின் உடம்பு எழுந்து நின்று, "என்னத்தைத் தரட்டும்?" என்றது.

திவான் வரைபடத்தை எடுக்கத் திரும்பிய நேரத்தில், உலகம்மாள் அடுக்கிலிருந்து ஒரு நோட்டை உருவிக் கணவர் கையில் வைத்தாள். "அதில என்ன போட்டிருக்கு? ஒரு ரூபாய்தானே? கொடுங்க. கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம் இன்னும் உங்களுதுதானே?"

பிரம்மநாயகம் நோட்டை நீட்டினார். திவானின் கையிலிருந்த முதல் நோட்டு வெளுத்தது.

"என்ன இது?" என்றார் திவான்.

"ரூபாய்ங்க" என்றாள் உலகம்மாள். "ஏன், இல்லையா?"

திவான் வாயைத் திறந்தார். வாசலில் நின்ற போலீஸ்காரன், பாவம் கடமை தெரிந்தவன், நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு நின்றான். திவான் வாயை மூடினார். கையிலிருந்த இரண்டாவது நோட்டை வேகமாகப் படித்தார். படித்து முடித்த கையோடு மண்டபம் என்று சொல்லிவிடப் பார்த்தார். மண்ட என்பதற்குள் மூன்றாவது நோட்டு அவர் விரலில் இருந்தது. மூச்சுப் பிடித்துப் படித்தார். எழுந்து நின்று படித்தார். முதுகைக் காட்டிக்கொண்டு படித்தார், உலகம்மாள் சுற்றிவந்தாள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு சூப்பிரண்டு பெண்டாட்டி தம்மைத் தோற்கடித்தாள் என்று ஆகும்படி எப்படி நிறுத்துவது? வெள்ளைக் காகிதம் தரையில் முழங்கால் உயரம் குவிந்தது. மத்தியானம் தொண்டை கட்டிக்கொண்டது, மோர் குடித்துவிட்டுப் படித்தார். மாலை நாலு மணிக்கு மேஜை காலியாகி, சமஸ்தானத்தின் கடைசி நோட்டு திவானின் கையில் நின்றது.

கூட்டம் முன்னால் நெருக்கிக்கொண்டு வந்தது. பிரம்மநாயகத்தின் மொத்தப் பலமும், அவருடைய மிச்ச நாளெல்லாமும், அந்த ஒரு காகிதத்தில் இருந்தது என்பது எல்லோருக்கும் புரிந்தது. திவானுக்கும் புரிந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, ருசித்துப் படித்தார்.

"என்னத்தைத் தரட்டும்?" என்றார் பிரம்மநாயகம்.

திவான் சிரித்தார், இனி எந்த அவசரமும் இல்லாதவர் மாதிரி.

உலகம்மாள் முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஒரு வெள்ளி ரூபாய். இரண்டு வருஷமாக உப்புப் பானைக்கு அடியில் கிடந்து கறுத்துப்போனது. ஈமச் செலவுக்கென்று ஒளித்துவைத்தது, யாருடைய ஈமம் என்று அவள் முடிவு செய்திருக்கவில்லை. அதைக் கணவர் உள்ளங்கையில் அழுத்தினாள். அவர் மேஜைமேல் வைத்தார். அது சுழன்று, கிண்ணென்று ஒரு சத்தம் போட்டுப் படுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்ததால் வாசலில் நின்ற நாலைந்து பேருக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசி நோட்டு வெளுத்தது.

அடுத்த வாரம் ராஜா புது நோட்டு அடிக்கச் சொன்னார். கஜானா குமாஸ்தாக்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. சரி, நீரே கையெழுத்துப் போடும் என்று ராஜா திவானிடம் சொன்னார். திவான் அன்று சாயங்காலமே காசிக்குப் போகிறேன் என்று பெட்டியோடு கிளம்பினார், வண்டிக்காரன் கூலி கேட்டபோது அந்த ஒரு ரூபாயைத்தான் கொடுத்தாராம். ராஜா ஒரு காரை விற்று வெள்ளி வாங்கினார். மற்றதில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

கஜானாவில் அந்தக் கடைசி நோட்டு வெளுத்ததற்கு மறுநாள் காலை, பிரம்மநாயகம் வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. வெயில் முழங்கால்வரை ஏறியிருந்தது. உள்ளேயிருந்து உலகம்மாள், அடுப்பு வேலை மும்முரத்தில், யோசிக்காமல் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, சும்மாதானே இருக்கீங்க, ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வாங்களேன்."

பிரம்மநாயகம் தன் காலைப் பார்த்தார். அது எழுந்திருக்கவில்லை. கையைப் பார்த்தார். அது மடியிலேயே கிடந்தது. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு வருஷமாக வாயில் வராத சொல்லை மெதுவாக, சரியாக வருகிறதா என்று சோதிக்கிற மாதிரி சொன்னார்.

"முடியாது."

அடுக்களையில் கரண்டி விழுந்தது. உலகம்மாள் ஓடிவந்து நிலைப்படியில் நின்று, "என்ன சொன்னீங்க?" என்றாள்.

"முடியாதுன்னேன்."

உலகம்மாள் குடத்தைத் தானே எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெருவில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "எங்க வீட்டுக்காரரு முடியாதுன்னுட்டாருடி, முடியாதுன்னுட்டாரு" என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டே கிணற்றடிக்குப் போனாள்.